பெயர் கேட்காமல் ஓடிய இரண்டு வருஷம்

ஹில்டா ஓடத் தொடங்கியபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. அதற்கு முன்னால் அவள் கடைசியாக ஓடியது கேம்ப் ரோடு நிறுத்தத்தில் ஒரு பேருந்தைப் பிடிக்க. அந்தப் பேருந்தையும் கோட்டைவிட்டாள்.

தாம்பரத்தில் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் அவளுக்கு இருபத்தோரு வருஷ வேலை. மாற்றுச் சான்றிதழ், சேர்க்கை, வருகைப் பதிவு எல்லாம் அவள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். காலை எட்டு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மாலை நாலரைக்குத்தான் எழுந்திருப்பாள். கணவர் டெனிஸ் ரயில்வே பணிமனையில் எலெக்ட்ரீஷியன். மகள் ஜெரூஷா வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விட்டாள். அந்த வருஷம் சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர், "உட்கார்ந்தே வரவழைச்ச வியாதிம்மா இது. எழுந்து ஓடுங்க" என்றார். நடக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்துப் போனவளுக்கு அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

மறுநாள் சேலையூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரிக்கரைக்குப் போனாள். கரையைச் சுற்றி நடைபாதை போட்டிருந்தார்கள். சுடிதாருக்குக் கீழே மகள் விட்டுப்போன ஷூ. ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்வரை ஓடினாள். அதற்கடுத்த கம்பம்வரை நடந்தாள். மூன்றாவது கம்பத்தில் மூச்சு வாங்கி, கம்பத்தையே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து சொன்னதும் டெனிஸ் சிரித்தார். "பாத்து ஹில்டா, உன்னை யாரோ துரத்துறாங்கன்னு நெனச்சு போலீசுக்குப் போன் பண்ணிடப் போறாங்க."

ஆனால் அவள் விடவில்லை. மாதா கோயிலுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் போனாள். மூன்று மாதத்தில் ஏரியை ஒரு சுற்று நிற்காமல் ஓட முடிந்தது. ஏரிக்கரையில் ஓடும் எட்டுப் பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அதில் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வருஷ மழையில் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவருக்கு மாற்றல், ஒருவருக்கு முழங்கால் வலி. கடைசியில் தினமும் வருகிறவர்கள் இரண்டே பேர் ஆனார்கள்: ஹில்டாவும், வாட்ஸ்அப்பிலேயே இல்லாத ஒரு மனிதரும்.

அவரை அவள் "சார்" என்றாள். அவர் அவளை "மேடம்" என்றார். அறுபது வயது மதிக்கலாம். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. கையில் போன் கிடையாது. அவள் வரும்போது அவர் ஏற்கெனவே கரைமேல் நின்று கைகால்களை உதறிக்கொண்டிருப்பார். பள்ளிக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் முதலில் போகிறவள் அவள்தான்.

ஆரம்பத்திலேயே அவர் ஒன்று சொல்லிவிட்டார். "வீட்டுக் கதையெல்லாம் இங்க வேணாம் மேடம். மூச்சு வீணாப் போயிடும்."

ஹில்டாவுக்கு அது பிடித்துப்போனது. பகல் முழுக்க அவள் முன்னால் நின்று ஆளாளுக்குக் கதை சொல்கிறவர்கள்தான். ஏன் லீவு வேண்டும், ஏன் சான்றிதழ் இன்றைக்கே வேண்டும், ஏன் பையனின் பிறந்த தேதி தப்பாக இருக்கிறது. காலையில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை என்றால் அதைவிட என்ன சுகம் இருக்கிறது?

அவர்கள் பேசியதெல்லாம் இடங்களைப் பற்றித்தான். எங்கே ஓடினால் நன்றாக இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரிந்து அவள் பார்த்ததில்லை. சனிக்கிழமைதோறும் ஒரு புது இடம் சொல்வார். அவள் ஸ்கூட்டரில் போவாள்; அவர் பேருந்திலோ ரயிலிலோ வந்து முன்னமே நிற்பார்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையில் மாசி மாதம் ஓடினார்கள். லாரிகள் ஒரு பக்கம் இரைந்துகொண்டு போக, மறுபக்கம் தண்ணீரில் பூநாரைகள் ரோஜா நிறத்தில் கூட்டமாக நின்றன. அந்தச் சாலை வழியாக எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறாள். ஒரு நாளும் தலையைத் திருப்பிப் பார்த்ததில்லை. பல்லாவரம் மலைமேல் ஏறியபோது பக்கத்து விமான நிலையத்தில் விமானம் அவர்கள் காலுக்குக் கீழே இறங்கியது. விமானத்தின் முதுகை அதுவரை அவள் பார்த்ததே இல்லை. வண்டலூர்க் காட்டு வேலியோரம் ஓடும்போது விடியலில் ஏதோ இடிந்து விழுவது போல ஒரு சத்தம். அவள் அப்படியே நின்றுவிட்டாள். "சிங்கம் மேடம். ஜூவுல. பயப்படாதீங்க, அதுக்கும் இப்பதான் விடிஞ்சிருக்கு" என்றார் அவர். நன்மங்கலத்தில் கைவிட்ட கல்குவாரியின் தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி கிடந்தது.

இப்படி இரண்டு வருஷம். வீட்டில் டெனிஸ் கேட்டால், "எங்க குரூப்போட போனேன்" என்பாள். குழுவில் மிச்சம் இருப்பது இரண்டு பேர் என்று அவள் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து அல்ல. சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டாள், அவ்வளவுதான்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்றாவது சுற்று. அவர் வழக்கம்போல நாலடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். திடீரென்று வேகம் குறைந்தது. எதையோ நினைத்துக்கொண்டவர் போல நின்றார். அவள் "என்ன சார்?" என்று கேட்பதற்குள் முகம் குப்புற விழுந்தார்.

கல் தடுக்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். புரட்டிப் போட்டபோது கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. மூக்கருகே கை வைத்தாள். ஒன்றும் இல்லை. பள்ளியில் ஒருமுறை முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் மார்பை அழுத்தச் சொன்னபோது ஆசிரியைகள் எல்லாம் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இப்போது கை தானாகவே அவர் பனியனை மேலே தூக்கியது.

நெஞ்சின் நடுவே, கழுத்துக்குக் கீழிருந்து வயிற்றின் தொடக்கம்வரை, நேர்கோடாக ஒரு தழும்பு.

ஹில்டாவுக்குக் கை உறைந்துவிட்டது. மார்பைப் பிளந்து இதயத்தில் ஆபரேஷன் செய்த தழும்பு அது. அவள் அப்பாவுக்கும் அப்படி ஒன்று இருந்தது. இந்த மனிதரோடா மலை ஏறினேன்? இவரையா கடைசிச் சுற்றில் போட்டிக்குக் கூப்பிட்டேன்? இதை வைத்துக்கொண்டா இரண்டு வருஷமாக என் முன்னால் ஓடினார்?

ஒரு கணம்தான். அப்புறம் இரண்டு கையையும் அந்தத் தழும்பின் மேலேயே வைத்து அழுத்தத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினாள். முப்பது வந்ததும் மறுபடி ஒன்று. உள்ளே எதுவோ முறிகிற சத்தம் கேட்டது, நிறுத்தவில்லை. நடக்க வந்தவர்கள் ஓடி வந்தார்கள். யாரோ நூற்றெட்டுக்குப் போன் செய்தார்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர், "நகருங்க மேடம், நான் கொஞ்சம் பண்றேன்" என்று மாற்றிக்கொண்டார். ஆம்புலன்ஸ் வர எத்தனை நிமிஷம் ஆனது என்று அவளுக்குத் தெரியாது. அவரோடு அவளும் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் ஒரு பெண் படிவத்தை இழுத்துவைத்தாள்.

"பேஷண்ட் பேரு?"

ஹில்டா வாயைத் திறந்தாள். மூடினாள். "தெரியாது."

"வயசு?"

"அறுபது இருக்கும்."

"வீட்டு அட்ரஸ், போன் நம்பர் ஏதாவது?"

"தெரியாதுங்க."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"கூட ஓடுறேன்."

பேனா நின்றது. அந்தப் பெண் தலை நிமிர்ந்து பார்த்த பார்வையை ஹில்டா இன்றைக்கும் மறக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஆயிரம் பிள்ளைகளின் பெயர், இனிஷியல், அப்பா பெயர் என்று பிழையில்லாமல் எழுதுகிறவள் அவள். அறுநூறு காலைகள் தன்னோடு ஓடியவரின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டெனிசுக்குப் போன் செய்து வரச் சொன்னாள். "உனக்கு என்ன ஆச்சு?" என்று அவர் அலறினார். "எனக்கு இல்ல, நீங்க வாங்க" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

டெனிசுக்கு முன்னால் வந்து சேர்ந்தவள் கனகவல்லி. ஏரிக்கரை வாசலில் தள்ளுவண்டியில் அறுகம்புல் சாறும் கேழ்வரகுக் கூழும் விற்கிறவள். கையில் ஒரு துணிப்பை.

"இன்னா மேடம், நீ பாட்டுக்கு வண்டில ஏறிப் பூட்ட. அவுரு பை என்னாண்ட கீது."

"எந்தப் பை?"

"அய்ய, உனக்குத் தெரியாதா? வேட்டி கட்டிகினு தான் டெய்லி வருவாரு. என் வண்டி பின்னால நின்னு மாத்திகினு, செருப்ப என்னாண்ட குட்துட்டு ஷூ மாட்டிகினு வருவாரு. ஷூவும் என் வண்டிலதான் இருக்கும். வூட்டுக்கு எட்துனு போவ மாட்டாரு. சனிக்கெழம மட்டும் பைல போட்டு எட்துனு போவாரு."

"ஏன்?"

"நான் இன்னாத்துக்கு கேக்கறேன்? பெரிய மனுசன். ஏதோ பேஜாரு இருக்கும்னு வுட்டுட்டேன்."

பையைத் திறந்தாள். மடித்த வேட்டி, ஒரு சட்டை, விபூதிப் பொட்டலம், இரண்டு பால் பாக்கெட்டுகள். அடியில் மாதப் பால் அட்டை. அதில் எழுதியிருந்தது: வே. சாம்பசிவன், செம்பாக்கம். தெருவும் கதவு எண்ணும் இருந்தன.

சாம்பசிவன். ஹில்டா அதை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவருக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெயராகப் பட்டது. அவளைப் பொறுத்தவரை அவருக்கு எந்தப் பெயரும் பொருந்தியிருக்காது.

"நான் போயி வூட்ல சொல்லி இட்டாறேன்" என்று கனகவல்லி தான் வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனாள்.

முக்கால் மணி நேரத்தில் சாம்பசிவனின் மனைவி சரசு வந்தாள். பாதி பின்னிய தலையோடு, ஒரு காலில் வேறு செருப்பு. வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "பிள்ளையார் கோயிலுக்குப் போயிட்டுப் பால் வாங்கிட்டு வர்றவரு எப்படி ஏரிக்கரைல விழுந்தாரு?"

கூட வந்த கனகவல்லியைக் கைகாட்டி மறுபடியும் கேட்டாள்.

"ஓடினாருன்னு இந்த அம்மா சொல்றாங்க. அவரு எப்படி ஓடுவாரு? அஞ்சு வருஷம் முன்னாடி பைபாஸ் பண்ணினவரு. அவரு மாடிப்படி ஏறக் கூடாதுன்னு ரெண்டாவது மாடி வீட்டை விட்டுட்டுத் தரைவீட்டுக்கு வந்தோம். துணி காயப்போட மொட்டை மாடிக்குக்கூட நான்தான் போறேன். குடம் தூக்க விடறதில்ல. வெயில்ல நிக்க விடறதில்ல."

ஹில்டா பல்லாவரம் மலையை நினைத்தாள்.

சரசுவின் பார்வை அப்போதுதான் அவள் மேல் விழுந்தது. வியர்த்துக் காய்ந்த டி-ஷர்ட், முழங்காலில் மண். "நீங்க யாரு?"

"நான் ஹில்டா. சாரோட கூட ஓடுறேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"எத்தனை பேரு?"

"நாங்க ரெண்டு பேருதான்."

சொல்லி முடித்தபோது பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. திரும்பினாள். டெனிஸ். பணிமனைச் சீருடையில், கையில் அவள் கைப்பையோடு. பையை அவளிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். சரசு சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பதினோரு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். அடைத்துக்கொண்ட ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. உயிருக்கு ஆபத்து நீங்கியது. மார்பை அழுத்தியதில் ஒரு விலா எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. அழுத்தாமல் இருந்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார்.

"ஓடினதாலதானே டாக்டர் இப்படி ஆச்சு?" என்றாள் சரசு.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஓடினதால விழுந்தாரா, ஓடினதாலதான் இத்தனை நாள் விழாம இருந்தாராங்கறதை என்னால சொல்ல முடியாதும்மா."

அன்று வீட்டில் டெனிஸ் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் பேசினார்.

"எட்டுப் பேருன்னுதானே சொன்ன?"

"எட்டுப் பேரு இருந்தாங்க."

"அப்புறம் ரெண்டாச்சு. அதைச் சொல்றதுக்கு என்ன?"

"தெரியல."

அது உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்லும்போதுதான் அது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று தெரிந்தது. சாம்பசிவன் பொய் சொன்னார் என்று காலையிலிருந்து மனதுக்குள் கோபப்பட்டுக்கொண்டிருந்தாள். தான் செய்ததும் அதிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை என்று இப்போது உறைத்தது. "தப்பா எதுவும் இல்லைங்க" என்றாள்.

"அது எனக்குத் தெரியும்" என்று டெனிஸ் எழுந்து போனார். இரண்டு நாள் அவர் சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவள் ஷூ கட்டும்போது அவரும் எழுந்து சட்டையை மாட்டினார். ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். சாம்பசிவன் விழுந்த இடம் வந்ததும் ஹில்டா கண்ணை நேரே வைத்துக்கொண்டு தாண்டினாள். இரண்டு சுற்று முடித்து வந்தபோது டெனிஸ் அவளை யாரோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நீ இவ்வளவு வேகமா ஓடுவேன்னு எனக்குத் தெரியாது ஹில்டா."

இரண்டு வாரம் கழித்துச் சாம்பசிவனைப் பார்க்கச் செம்பாக்கத்துக்குப் போனாள். டெனிசும் கூட வந்தார். சுவரில் சாம்பசிவன் ஓய்வு பெற்றபோது எடுத்த படம் மாட்டியிருந்தது. நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்தவர் என்பது அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. இந்தப் பக்கத்து ஏரி, குன்று, வேலி எல்லாவற்றையும் அவர் கால்நடையாக அளந்தவர். அவருக்கு எப்படி அத்தனை இடங்கள் தெரிந்தன என்று அவள் இரண்டு வருஷத்தில் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

"வாங்க மேடம்" என்றார் அவர். "ரொம்ப நன்றி" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. அவள் கண்ணைப் பார்க்கவும் இல்லை. லுங்கி கட்டி, போர்வை போர்த்தி, மாத்திரை டப்பா பக்கத்தில் இருக்க உட்கார்ந்திருந்த அந்த மனிதர் வேறு யாரோ. அவளும் அவருக்கு அங்கே வேறு யாரோவாகத்தான் இருந்திருக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டாள்.

சரசு வாசல்வரை வந்தாள். திட்டப்போகிறாள் என்று ஹில்டா தயாரானாள்.

"உங்க மேல கோபம் இல்லீங்க. முதல்ல இருந்துச்சு, இப்ப இல்ல" என்றாள் சரசு. "ஓடினாரு, சொல்லல, சரி. சொன்னா நான் விட்டிருக்க மாட்டேன். படுத்துக்கிட்டே இப்ப ஒவ்வொண்ணா சொல்றாரு. பள்ளிக்கரணைல கொக்கு மாதிரி ரோஸ் கலர்ல பறவை நின்னுச்சாமே? மலை மேல இருந்து பிளேனைக் குனிஞ்சு பாத்தீங்களாமே?"

"ஆமாங்க."

"முப்பத்தி நாலு வருஷம் ஆச்சு கல்யாணமாகி. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைத் தாண்டி என்னை எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல அவரு. உனக்குக் கால் வலிக்கும், வேணாம்பாரு. பக்கத்துலயே இவ்வளவு இருந்திருக்கு. சனிக்கிழமைன்னா பெருமாள் கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போயி, அதையெல்லாம் பாத்துட்டு, பால் பாக்கெட்டோட வந்து, காபி கொடுன்னு உட்கார்ந்திருக்காருங்க."

ஹில்டாவுக்கு ஆம்புலன்ஸில் கூட வராத அழுகை அந்த வாசலில் வந்தது. "சனிக்கிழமை வர்றீங்களா? ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

சரசு வந்தாள். ஓட மாட்டாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பாள். சாம்பசிவனைப் பார்த்துக்கொள்ள அவருடைய தங்கை வந்து இருந்தாள். இரண்டு பெண்களும் ஒவ்வொரு சனிக்கிழமையாக அவர் சொன்ன இடங்களை எல்லாம் பார்த்து முடித்தார்கள். முதல் வாரமே ஹில்டா சரசுவின் முழுப்பெயர், பிறந்த ஊர், ரத்த வகைவரை கேட்டுப் போனில் எழுதிவைத்துக்கொண்டாள். சரசு சிரித்தாள். "ரேஷன் கார்டா போடப் போறீங்க?"

சாம்பசிவன் ஏரிக்கரைக்குத் திரும்பவில்லை. வீட்டு வாசலிலிருந்து தெருமுனைவரை நடக்க டாக்டர் அனுமதித்திருந்தார். ஒருமுறை அந்தப் பக்கம் போன ஹில்டா அவரைப் பார்த்து ஸ்கூட்டரை நிறுத்தினாள். "எப்படி இருக்கீங்க சார்?" "இருக்கேன் மேடம்." அவ்வளவுதான். பெயரும் வீடும் நோயும் தெரிந்த பிறகு அவர்களிடையே பேச எதுவுமே மிஞ்சவில்லை என்பது அவளுக்கு நெடுநாள் ஆறாத அதிர்ச்சியாக இருந்தது.

மே மாதக் கடைசியில் சரசுவே ஒரு இடம் சொன்னாள். பொத்தேரியில் கல்லூரிகளுக்குப் பின்னால் ஒரு ஏரி இருப்பதாக அவளோடு காய்கறி வாங்க வரும் யாரோ சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தார்கள். கோடையிலும் பாதி ஏரி தண்ணீர். கரைமேல் பனைகள், எதிரே மலை. சரசு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். நடை வேகமானது. ஓட்டமா நடையா என்று சொல்ல முடியாதபடி ஆனது. ஹில்டா பின்னால் பதறிக்கொண்டு போனாள். "மெதுவாங்க! மெதுவா!"

கரையின் அந்தக் கோடியில் போய்த்தான் சரசு நின்றாள். முகமெல்லாம் வியர்வை. கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள்.

"மேடம், ஒண்ணு கேட்டா செய்வீங்களா?"

"சொல்லுங்க."

"இந்த இடத்தை அவருகிட்ட சொல்லாதீங்க."

ஹில்டா திரும்பினாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை.

சரி என்று தலையாட்டினாள். ஆனால் அன்று வீட்டுக்குப் போனதும் டெனிசிடம் சொல்லிவிட்டாள்: எங்கே போனது, யாரோடு போனது, சரசு கடைசியாகக் கேட்டது வரை, ஒன்றும் விடாமல். டெனிஸ் மீன் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அடுத்த வாரம் எனக்கு லீவுதான். என்னையும் கூட்டிட்டுப் போறியா?" என்றார்.